காயும் முன் பட்ட கை

பொம்மைக்கு மூட்டுவலி வரும் என்று நறுமுகை படித்த இயற்பியலில் எங்கும் இல்லை. ஆனால் பட்டறை மேசைமேல் நின்றிருந்த ஜாண் ரோபோ வலது முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, "சித்த நேரம் உக்காந்துக்கறேனுங்க" என்றது. பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பா மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தும் விட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் மகிழினி. ஒன்பது வயது. இரண்டு கையும் இடுப்பில். "நாலு நாளா இதே கதைதான். என்ற சூறாவளியக் கெடுத்துப் போட்டீங்க அக்கா."

நறுமுகை பேச்சுக்குப் பயந்தவள். பெரியவர்கள் சத்தம் போட்டாலே அவளுக்குப் பதில் தொண்டையோடு நின்றுவிடும். சின்னவர்கள் சத்தம் போட்டால் இன்னும் மோசம்.

"வலிக்கறதுக்கு அதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது" என்றாள் கடைசியில், மெதுவாக.

"அத அதுகிட்டச் சொல்லுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூறாவளியே தலையை ஆட்டியது. "அம்மிணி சொல்றது சரிதானுங்க. உள்ள ஒண்ணுமில்ல. ஆனா வலிக்குதே."

ஜாண் ரோபோ என்பது ஒரு ஜாண் உயரமுள்ள நடக்கும், பேசும் பொம்மை. அந்த வருடம் கோயம்புத்தூரில் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலெல்லாம் ஒன்று இருந்தது. எல்லாம் தொழிற்சாலையிலிருந்து ஒரே வெள்ளையாக வரும். வேண்டியவர்கள் வேண்டிய நிறத்தை அடித்துக்கொள்ளலாம். அப்படி அடித்துக் கொடுப்பதற்கென்றே ஊரில் பத்துப் பதினைந்து பேர் கிளம்பியிருந்தார்கள். பதினாறாவது ஆளாக நறுமுகை கிளம்பி மூன்று மாதம் ஆகிறது.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களிலெல்லாம் நேர்காணல் என்று ஒன்று வைத்தார்கள். நேர்காணலில் பேசச் சொன்னார்கள். அதுதான் சிக்கல். அண்ணன் லோகநாதன் சிங்காநல்லூரில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். அதன் மூலையில் ஒரு மேசையையும், கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாயையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொம்மைகள் நேர்காணல் வைப்பதில்லை.

முதல் மாதம் பொம்மையையே தொடவில்லை. பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பழகினாள். ஸ்பூனைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினாள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். பிரைமர் அடித்தாள், அதன்மேல் நிறம், அதன்மேல் வார்னிஷ். நாற்பது ஸ்பூன் வரிசையாகக் கம்பியில் தொங்கியதைப் பார்த்த லோகு, "என்ன பாப்பா, பாயசம் எத்தன பேருக்கு?" என்று கேட்டான்.

ஸ்பூனில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அவசரப்படக் கூடாது. தடிமனாக ஒருமுறை அடிப்பதைவிட மெல்லியதாக நான்குமுறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காய விட வேண்டும். காய்ந்ததா என்று விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவள் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

பட்டறைக்கு எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் மகிழினிதான் அவளுடைய முதல் வாடிக்கையாளர். போன மாதம் ஒருநாள் வெள்ளை வெளேரென்ற சூறாவளியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நூறு சண்டை போட்ட மாதிரி வேணும்" என்றாள்.

"எத்தன சண்டை போட்டிருக்குது?"

"அஞ்சு. அஞ்சுலயும் தோல்வி. அது எதுக்கு உங்களுக்கு?"

அந்த அடுக்குமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேரம் போர்டின் மேல் வட்டம் போட்டு ரோபோக்களை மோதவிடுவார்கள். வட்டத்தை விட்டு வெளியே போன ரோபோ தோற்றது. மூன்றாம் மாடி தர்ஷனின் தீப்பொறி இதுவரை தோற்றதே இல்லை. சூறாவளி ஐந்து நொடிக்குமேல் நின்றதே இல்லை.

"நடுவுல ஒருக்கா அவன் ஏமாத்திட்டான் அக்கா. அவன் ரோபோ முதுகுல ஒரு விரல வெச்சுட்டான். மனுசக் கை பட்டிருந்தா எதிர் ரோபோ தள்ளாதுல்ல? கொழந்தைங்க விரல் நசுங்கக் கூடாதுன்னு அப்படிப் பண்ணி வெச்சிருக்காங்க. என்ற சூறாவளி 'கைய எடுங்க, விரல் நசுங்கும்'னு சொல்லிட்டு நின்னுருச்சு. அவன் தள்ளிட்டான்."

இந்தமுறை பந்தயமும் இருந்தது. தர்ஷன் மகிழினியைவிட இரண்டு மாதம் மூத்தவன். அவன் ஜெயித்தால் அவள் ஒரு வருடம் முழுக்க அவனை 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். அவள் ஜெயித்தால் அவன் 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். இதைச் சொல்லும்போது மகிழினியின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆனது.

நறுமுகை இரண்டு வாரம் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பழைய தோற்றம் கொடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பஞ்சில் பழுப்பைத் தொட்டு அங்கொன்று இங்கொன்றாக ஒற்றிவிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. துரு என்றால் தண்ணீர் தேங்கிய இடத்தில்தான் வர வேண்டும். முழங்கால் மடிப்பில், அக்குளில், ஆணித்தலைக்குக் கீழே. அங்கிருந்து கீழ்நோக்கித்தான் வழிய வேண்டும். எதிராளி வலது கையால் அடித்தால் காயம் இடது தோளில்தான் அதிகம் இருக்கும். அடிக்கடி தொடும் இடத்தில் நிறம் தேய்ந்து அடிப்பூச்சு தெரியும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டு அவள் வரைந்தாள். முடித்தபோது அவளுக்கே அதைத் தொட்டால் கையில் துரு ஒட்டும் போலிருந்தது.

பிறகு சனிக்கிழமை காலை பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்துக் காயப்போட்டிருந்தபோது, வாசலில் மகிழினி "அக்கா! அக்கா! அக்கா!" என்று கத்தினாள். மூன்றாவது அக்காவில் நறுமுகை பதறி எழுந்து சூறாவளியை எடுத்துவிட்டாள். கட்டைவிரல் முதுகின் நடுவில் பதிந்தது. ரேகை ரேகையாக.

சரிசெய்ய முதுகு முழுவதையும் உப்புத்தாள் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு நாள். அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவள் சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு சூறாவளியின் முன்பக்கம் தெரியும்படி நீட்டினாள். மகிழினி ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

இன்று புதன்கிழமை. அந்தக் குதி இப்போது இல்லை.

நறுமுகை கைப்பேசியை எடுத்தாள். அவளோடு கல்லூரியில் படித்த ஷாகிரா இப்போது ஜாண் ரோபோக்களுக்குப் பழுது பார்க்கும் மையத்தில் வேலை செய்கிறாள். மகிழினி விடாப்பிடியாக ஒலிபெருக்கியைப் போடச் சொன்னாள்.

"கால் வலிக்குதுன்னு சொல்லுதா?" ஷாகிரா சிரித்தாள். "உன்ற பொம்மைக்குத் தைலம் தேச்சு விடு."

"ஷாகிரா, பக்கத்துல ஆள் இருக்காங்க."

"சரி சரி. ஒரு போட்டோ அனுப்பு." நறுமுகை எடுத்து அனுப்பினாள். பிறகு குரல் மாறிவிட்டது. "அடியே, நீயா பண்ணின? இது பெயின்ட்டா?"

"ஆமா."

"அதான் விஷயம். சார்ஜ் போடற ஸ்டாண்டுல உள்ளங்கை அளவு ஒரு கண்ணாடி இருக்குமில்ல? அது அழகுக்கு இல்ல. தெனமும் சார்ஜ் ஏறுறப்ப ரோபோ தன்னத் தானே பாத்துக்கும். கை ஒடஞ்சிருந்தா அடுத்த கையில வேலை செய்யப் பழகணும், கால் வளஞ்சிருந்தா நடைய மாத்தணும். அதுக்காக வெச்சது. உடம்புல ஒரு அடையாளத்தப் பாத்தா, இது எப்படி வந்துச்சு, இனி எப்படி நடந்துக்கணும்னு ஒரு கணக்குப் போடும்."

"எல்லாரும்தான துரு அடிக்கறாங்க? அதுங்களுக்கெல்லாம் வலிக்கலையே."

"அவங்க அடிக்கறது சுவத்துல ஒட்டற டிசைன் மாதிரி. பாத்துட்டு விட்டுரும். நீ அடிச்சது சாட்சி சொல்ற மாதிரி இருக்குடி. ஒவ்வொண்ணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. அது நம்பிருச்சு. நூறு சண்ட போட்ட ஆளு எப்படி இருப்பானோ அப்படி இருக்குது."

"நூறு சண்டை போட்ட ஆளு இன்னொரு சண்டை போடோணுமல்ல?" என்று மகிழினி நடுவில் புகுந்தாள்.

"நூறு சண்ட போட்டவனுக்குத்தான் பாப்பா இனி போதும்னு தோணும்" என்றது பெயின்ட் மூடியின் மேலிருந்து ஒரு குரல்.

ஷாகிரா மறுபடி சிரித்தாள். "இது பரவால்ல. திருப்பூர்ல ஒருத்தர் வெளையாட்டுக்குக் கையில கட்டுப் போட்ட மாதிரி வரைஞ்சாரு. ஒரு வாரம் அது கையவே அசைக்கல. அப்புறம் கட்டு இருந்தா ஆறிரும்னு அதுவே கணக்குப் போட்டுட்டு எட்டாம் நாள் எழுந்து ஆடுச்சு. உனக்கு வழி சுலபம். தின்னர்ல தொடச்சு எடுத்துரு. வெள்ளையா நின்னா, கண்ணாடியப் பாத்துட்டுப் புதுசுன்னு நெனச்சுக்கும். இப்ப அதுவாக் கட்டி வெச்சிருக்கற கதையெல்லாம் போயிரும்."

மகிழினிக்கு அது போதுமாக இருந்தது. "தின்னர் எங்க இருக்குது?"

தின்னர் டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நறுமுகை அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு பழைய பனியன் துணியையும் வைத்தாள். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. அவளுக்குத் தன் வேலையை அழிப்பதில் வருத்தம் இருந்தது உண்மை. அதைவிட, யாரிடமும் கேட்காமல் ஒருவரைத் துடைத்து எடுப்பது என்னவோ போல இருந்தது.

"சூறாவளி" என்றாள். "உன் மேல இருக்கறது எல்லாம் பெயின்ட். நான்தான் அடிச்சேன். நெசமில்ல."

"தெரியுமுங்க. பாப்பா நாலு நாளா அதத்தான் கத்துது." அது எழுந்து நின்றது. நிற்கும்போது ஒரு சின்ன முனகல். "நீங்க சொல்றதையும் நம்பறேன். கண்ணாடி சொல்றதையும் நம்பறேன். ரெண்டையும் வெச்சுட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"கதை கட்டி வெச்சிருக்குதுன்னு அந்த அக்கா சொன்னாங்களே, அது என்ன கதை?" என்று மகிழினி கேட்டாள். துணியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். "இந்தத் தோள்ல இருக்கறது யாரு அடிச்சது? தீப்பொறியா?"

"இதா?" சூறாவளி இடது தோளைத் திருப்பிக் காட்டியது. "அவன் எங்க அடிச்சான்! இது தோசைக்கரண்டி. மேசை மேலருந்து விழுந்துச்சு. நீ கீழ உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்த. நான் குறுக்க நின்னுட்டேன்."

"அப்படி ஒண்ணும் நடக்கல."

"நடந்திருக்கோணுமே பாப்பா. இல்லாட்டி இவ்வளவு நீளக் கீறல் எப்படி வரும்?"

மகிழினி முழங்காலைக் காட்டினாள். "இது?"

"ஸ்கூல் பஸ் வராத அன்னைக்கு நீ வர்ற வரைக்கும் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னேன். பெரிய மழை. அன்னைலருந்துதான் இந்தக் கால்."

"நீ கேட்டுக்கே வந்ததில்ல! லிஃப்ட்டுல ஏறவே உனக்குத் தெரியாது!"

"அதான் எனக்கும் கொழப்பமா இருக்குது. ஆனா தண்ணி தேங்கித்தான் துரு வந்திருக்குது. மழையில நிக்காம தண்ணி எப்படித் தேங்கும்? நான் மழையில நிக்கறதா இருந்தா வேற யாருக்காக நிக்கப் போறேன்?"

நறுமுகைக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொம்மைக்கு இரண்டு வருடமாகத் தெரிந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள், மகிழினிதான். காயங்களை நறுமுகை கொடுத்துவிட்டாள். காரணங்களுக்கு அது எங்கே போகும்? இருந்த ஒரு ஆளையே எல்லாக் காயத்துக்கும் காரணமாக வைத்துக்கொண்டது.

மகிழினி உச்சந்தலையில் நிறம் தேய்ந்திருந்த இடத்தைத் தொட்டாள். கேட்கவில்லை. அது தானாகச் சொன்னது. "இது சண்டையில்ல. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப என்ற தலையப் பிடிச்சுட்டே தூங்கின."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ சார்ஜ்ல இருந்த" என்றாள் மகிழினி. இந்தமுறை கத்தவில்லை.

பக்கத்தில் லோகு ஒரு காரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, தின்னர் போட்டா இதெல்லாம் போயிருமா?"

"போயிரும்."

"அந்த மழையும்?"

"அதுவும்தான். நாளைக்கே பழையபடி 'அடிச்சுத் தூள் கெளப்பலாமா'ன்னு கேக்கும். ஞாயித்துக்கிழமை சண்டை போடும்."

மகிழினி யோசித்தாள். ஒன்பது வயதுக்காரர்கள் யோசிப்பது வெளியே தெரியும். அவள் உதடு மட்டும் அசைந்து 'அண்ணா' என்று சொல்லிப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள். பிறகு துணியை மேசையில் போட்டாள்.

"தின்னர் வேண்டாம். கால் வலிய மட்டும் நிறுத்துங்க."

"அது எப்படி முடியும்?"

"நீங்கதான வர வெச்சீங்க? நீங்களே நிறுத்துங்க. நாளன்னைக்கு வர்றேன்." போகிற போக்கில் திரும்பி, "டேய், இவங்க சொல்றதக் கேட்டு நல்லபடியா இரு" என்று சூறாவளிக்கும் ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனாள்.

நறுமுகை அன்று முழுக்க ஒன்றும் செய்யவில்லை. சூறாவளி லோகுவின் வேலையை வேடிக்கை பார்த்தபடி, "தம்பி, அந்தப் பக்கம் இன்னொரு தட்டு தட்டுங்க" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. லோகுவும் "சரிங்க பெரியவரே" என்று தட்டினான். மறுநாள் காலை, அந்தக் கதவின் ஒடுக்கலில் அவன் சாம்பல் நிறப் பட்டி பூசி வழித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அடிபட்ட இடம் அது. ஆனால் பார்க்கும்போது அடி நினைவுக்கு வரவில்லை. யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. திருப்பூர் ரோபோவின் கட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது.

காயத்தை நம்புகிற கண்ணாடி, வைத்தியத்தையும் நம்பத்தானே வேண்டும்?

"அண்ணா, வெல்டு வெச்ச இடம் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால எப்படி இருக்கும்?"

"ஏன், மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். பக்கத்துல கொஞ்சம் நீலம் பாஞ்சிருக்கும். எதுக்கு?"

"வரையறதுக்கு."

லோகு பட்டித் தகட்டைக் கீழே வைத்தான். "அத மறைக்கத்தான் ஊரே எங்கிட்ட வருது. நீ அதப் போயி வரையப் போறயா?" சொல்லிவிட்டு, வெல்டு வைத்த தழும்பு தெரியும் ஒரு பழைய பம்பர் தாங்கியை எடுத்து வந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் துருவை அழிக்கவில்லை. முழங்காலில் துரு முடிகிற இடத்தில் மெல்லிய பற்றவைப்புக் கோடு ஒன்றை வரைந்தாள். பழைய ஆணிகளுக்கு நடுவில் ஒரே ஒரு புது ஆணி, வெள்ளியாக. தோள் கீறலின் பாதியைச் சாம்பல் பட்டி மூடியிருப்பதுபோல் தீட்டினாள். விளிம்பில் உப்புத்தாள் போட்ட கோடுகள்கூட இருந்தன. மூட்டுகளில் புதிதாக எண்ணெய் விட்ட கறுப்பு ஈரம். எல்லாம் காய்ந்தது. இந்தமுறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதுகை மட்டும் அவள் தொடவில்லை. முதுகைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சார்ஜ் ஸ்டாண்டின் கண்ணாடி முன்பக்கம்தானே பார்க்கும் என்றும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, மகிழினி கொண்டுவந்த ஸ்டாண்டில் ஏறிய சூறாவளி கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தது. இறங்கியது. முழங்காலை மடக்கியது. நீட்டியது. இன்னொருமுறை மடக்கியது.

"யாரோ நல்லா வேலை தெரிஞ்சவங்க பாத்திருக்காங்க" என்றது.

"ஞாயித்துக்கிழமை வர்றயா?" என்று மகிழினி கேட்டாள்.

"வர்றேன். நிக்கறேன். ஆனா அடிக்க மாட்டேன் பாப்பா."

"நின்னாப் போதும்" என்றாள் மகிழினி. "அக்கா, நீங்களும் வரோணும்."

"நான் எதுக்கு, அங்க நெறைய ஆளுங்க..."

"வரோணும்னா வரோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடுக்குமாடியின் கீழ்த்தள அரங்கில் நாற்பது பேராவது இருந்தார்கள். நறுமுகை தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்து நின்றுகொண்டாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் விசிலோடு தயாராக இருந்தார். கேரம் போர்டில் சாக்பீஸ் வட்டம். ஒரு பக்கம் கடையில் கொடுத்து அடித்த பளபளச் சிவப்பில் தீப்பொறி. மறுபக்கம் சூறாவளி. அதை எடுத்து வைத்ததும் பிள்ளைகள் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்க கிடைச்சுது இது, காயலான் கடையிலயா?" என்றான் தர்ஷன். ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

விசில். தீப்பொறி பாய்ந்து வந்து மோதியது. சூறாவளி முழங்காலை லேசாக மடித்து அந்த மோதலை வாங்கிக்கொண்டது. கால் நழுவவில்லை. ஐந்து நொடி. எட்டு நொடி. மகிழினி நகத்தைக் கடித்தாள். நேராகத் தள்ளி நடக்காது என்று கண்ட தீப்பொறி வட்டமடித்து முதுகுப்பக்கம் போனது. கையை ஓங்கியது. அப்படியே நின்றது.

"கைய எடுங்க" என்றது தீப்பொறி. "விரல் நசுங்கும்."

யாருடைய கையும் அங்கே இல்லை.

"கைய எடுங்க. விரல் நசுங்கும்." ஒவ்வொரு முறையும் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது அதன் குதிகால் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிவிட்டது.

அரங்கம் ஓவென்று கத்தியது. மகிழினி துள்ளிய துள்ளலில் கேரம் போர்டே ஆடியது. தர்ஷன் சிவந்த முகத்தோடு, "சார், ஏமாத்து! ஏதோ பண்ணி வெச்சிருக்கா!" என்றான். "நான் ஒண்ணும் பண்ணல! நீதான் விரல் வெப்ப!" என்று மகிழினி அவன்மேல் பாய்ந்தாள். செயலாளர் சூறாவளியைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். வெளிச்சத்தில் முதுகைத் திருப்பியபோது நடுவில் ஏதோ மின்னியது.

மகிழினி சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. அது நறுமுகைக்கு மட்டும் தெரியும். நாற்பது தலைகள். தண்ணீர்க் கேன் நல்ல உயரம். அதன் பின்னால் நின்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பேசாமல் இருந்தால் மகிழினி ஜெயித்தவள். சிலருக்கு அவள் ஏமாற்றி ஜெயித்தவள்.

"அது என்ற கைங்க."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நறுமுகையும் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது.

"என்ற கட்டவெரல். வார்னிஷ் காயறதுக்கு முன்னால தொட்டுட்டேன். நான் புதுசா கத்துக்கறவ. தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாமக் குடுத்துட்டேன். அந்த ரேகையப் பாத்து, கை இருக்குதுன்னு தீப்பொறி நின்னுருச்சு. பாப்பாவுக்கு இது தெரியாதுங்க." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மூச்சு விடுவது எப்படி என்று மறந்து நின்றாள்.

செயலாளர் காதைச் சொறிந்தார். சங்க விதிகளில் கட்டைவிரல் ரேகை இல்லை. "அப்ப ஒரு டேப்ப ஒட்டிட்டு மறுபடி விடுங்க" என்றார்.

மகிழினி நறுமுகையை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா இல்லையா என்று அதில் தெரியவில்லை. நறுமுகையின் பையிலிருந்த மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து அவளே சூறாவளியின் முதுகில் ஒட்டினாள்.

மறுபடி விசில். சூறாவளி அடிக்கவில்லை. நின்றது. தள்ளத் தள்ள நின்றது. பிள்ளைகள் கூட்டமாக நொடிகளை எண்ணினார்கள். இருபது, முப்பது. நாற்பத்தோராவது நொடியில் தீப்பொறி முதுகுப்பக்கம் போய் ஒரே தள்ளாகத் தள்ள, சூறாவளி கோட்டுக்கு வெளியே போய், விழாமல், நிதானமாக நின்றது.

"நல்ல பையன்" என்றது தீப்பொறியைப் பார்த்து. "முழங்கால நிமித்தி வெச்சுத் தள்ளு. இல்லாட்டிப் பின்னால கஷ்டம்."

மகிழினி தர்ஷனுக்கு முன்னால் போய் நின்றாள். முஷ்டி இரண்டும் இறுகியிருந்தன.

"ஜெயிச்சுட்டீங்க... அண்ணா."

தர்ஷன் நெளிந்தான். காதைத் தேய்த்துக்கொண்டான். "ஏய், வேண்டாம். கேக்கவே என்னமோ மாதிரி இருக்குது."

"ஒரு வருசம்ங்க அண்ணா. பந்தயம்னா பந்தயம்ங்க அண்ணா."

"அம்மா!" என்று தர்ஷன் எங்கோ ஓடினான். மகிழினியின் முகத்தில் முதல்முறையாக, இதில்கூட ஏதோ சுகம் இருக்கிறதே என்பதுபோல ஒரு வெளிச்சம் வந்தது.

கூட்டம் கலைந்தது. நறுமுகை தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், இப்போது முன்பக்கம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகிழினி சூறாவளியை அவள் மடியில் வைத்துவிட்டு டேப்பை உரித்தாள்.

"ரெண்டு நாள் குடு" என்றாள் நறுமுகை. "முதுகு பூரா உப்புத்தாள் போட்டுட்டு மறுபடி அடிச்சுத் தர்றேன். சுத்தமாப் போயிரும்."

"என்ன போகும்?" என்று சூறாவளி கேட்டது. "என்ற முதுகுல என்ன இருக்குது?"

மகிழினி அம்மாவின் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தாள். அதைச் சூறாவளியின் முதுகுக்குப் பின்னால் பிடித்து, அதில் தெரிந்ததைக் கைப்பேசித் திரையில் அதற்குக் காட்டினாள். சூறாவளி கொஞ்ச நேரம் பார்த்தது. கணக்குப் போடுகிறது என்று நறுமுகைக்குத் தெரிந்தது. அது முந்திக்கொண்டு ஒரு கதை கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீ விழப்போனப்ப யாரும் பிடிக்கல. அப்படி ஒண்ணும் நெனச்சுக்காத. வாசல்ல இவ கூப்பிட்டா. நான் பதறி எடுத்தேன். பெயின்ட் ஈரமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்ப தோசைக்கரண்டி நெசமில்ல."

"இல்ல."

"மழை நெசமில்ல. வெல்டும் நெசமில்ல."

"இல்ல."

"இது நெசம்."

நறுமுகை தலையசைத்தாள்.

"என்ற உடம்புல நெசமா நடந்தது இது ஒண்ணுதான்" என்றது சூறாவளி. "இதப் போயி அழிக்கறேங்கறீங்களே அம்மிணி."

உரித்த டேப்பை நறுமுகை உருட்டிப் பைக்குள் போட்டாள்.

மகிழினி தன் கட்டைவிரலை அந்த ரேகையின் மேல் வைத்துப் பார்த்தாள். பாதிகூட மூடவில்லை. எடுத்தாள். அவள் விரல் பட்டதற்கு அங்கே ஒரு தடமும் இல்லை. காய்ந்த வார்னிஷ் அப்படித்தான்.

"அக்கா" என்றாள். "அழிக்க வேண்டாம். ஆனா இன்னொருக்கா வார்னிஷ் அடிங்க."

"எதுக்கு?"

"அடிச்சுட்டு, காயறதுக்கு முன்னால என்னயக் கூப்பிடுங்க."